சிவப்பு வாளியும் நீல வாளியும்

பண்ணையில் என்னைச் சாணி டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் என்பது அவர்கள் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தது, சாணி மட்டும்தான் உண்மை. தோள்வரை ஏறும் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, மாட்டின் பின்னால் கையை விட்டு ஒரு பிடி சாணம் எடுக்க வேண்டும். அதை ஆய்வறைக்குக் கொண்டுவந்து கரைத்துத் தட்டில் பூசி வைத்து, மறுநாள் கிருமி எத்தனை புள்ளியாக முளைத்திருக்கிறது என்று எண்ண வேண்டும். அம்மா இருந்தவரை, மூத்த மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் "லேப்ல இருக்கா" என்பதோடு வாயை மூடிக்கொள்வாள்.

எங்கள் பண்ணை மாட்டைக் கொழுக்கவைக்கிற பண்ணை. எலும்பும் தோலுமாக லாரியில் வந்து இறங்குகிற மாடுகள் சில மாதத்தில் மினுமினுவென்று ஆகிவிடும். பிறகு ஒவ்வொரு பட்டியாகத் திறந்து, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெட்டுக்கூடத்துக்கு ஓட்டிவிடுவார்கள். நான் தேடுகிற கிருமி இந்த மாடுகளின் குடலில்தான் குடியிருக்கிறது. மாட்டை அது ஒன்றும் செய்யாது. மாடு நன்றாகத் தின்னும், நன்றாக முட்டும், அதன் முகத்தைப் பார்த்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வெட்டும்போது துளி சாணம் கறியில் பட்டு, அந்தக் கறி அரைகுறையாக வெந்து ஒரு குழந்தையின் வயிற்றுக்குள் போனால், அதே கிருமி அந்தக் குழந்தையின் சிறுநீரகத்தைத் தின்றுவிடும். இது எனக்குப் படித்துத் தெரிந்திருந்தது. படித்தது போதாதென்று வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

என் தங்கையின் புருஷன் அதே பண்ணையில் தீனி கலந்து போடுகிறவர். வார முடிவில் வேலைக்காரர்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம் கொத்துக்கறி கொடுப்பார்கள். தங்கை அதை உருண்டை பிடித்துப் பொரித்தாள். அவளுக்கு இரண்டு பெண்கள். சின்னவளை நாங்கள் வாண்டு என்போம், பேருக்கேற்ற வாண்டுதான். பசி பசி என்று சமையலறையில் குதித்துக்கொண்டிருந்தவள், வாணலியிலிருந்து எடுத்த முதல் உருண்டையை ஊதி ஊதித் தின்றாள். எல்லோரும்தான் தின்றார்கள். அவளுக்கு மட்டும் வயிற்றுவலி வந்தது, பிறகு ரத்தமாகப் போனது, பிறகு சிறுநீரே போகவில்லை. முகம் வீங்கி, கை கால் வீங்கி, கடைசியில் எங்களையே யாரென்று தெரியாமல் பார்த்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் தங்கையிடம், "கறி நல்லா வெந்துச்சாம்மா?" என்று கேட்டிருந்தார். அவர் கேட்க வேண்டிய கேள்விதான். அடுத்த படுக்கைக்குப் போவதற்குள் அவருக்கு அது மறந்தும் போயிருக்கும். என் தங்கைக்கு மறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் எதையுமே கரியாக்காமல் அடுப்பைவிட்டு இறக்குவதில்லை. முட்டை வைத்தால் தண்ணீர் முழுக்க வற்றி ஓடு வெடிக்கும். பால் சுண்டிச் சுண்டிப் பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒட்டிக்கொள்ளும். காய் எல்லாம் ஒரே நிறம், கறுப்பு. பெரியவள் ஒருநாள் சோறு கசக்கிறது என்றாள். தங்கை தட்டைப் பிடுங்கி, சோற்றைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றினாள். அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்து புகைநாற்றம் கூடிவிட்டது. நான் போகும்போதெல்லாம் "போதும்டி, அணை" என்பேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் "இன்னும் கொஞ்சம் வேகட்டும்க்கா" என்பாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவள்மேல் வரவில்லை, யார்மேல் என்றும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உப்பு வந்தது.

பார்க்கச் சாதாரண வெள்ளை உப்புதான், பெயர் குளோரேட். தீவனத்தில் கலந்து கொடுத்தால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, அதன் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கும் ஒன்றும் ஆகாது. நாம் தேடுகிற அந்தச் சனியனுக்கு மட்டும் ஒரு பழக்கம், இந்த உப்பை உள்ளே இழுத்துத் தானே அதை விஷமாக மாற்றிக்கொள்ளும். மாற்றிக்கொண்டு தானே சாகும். வெட்டுக்குப் போகிற கடைசி நாட்களில் கொடுத்தால் போதும், மாடு சுவரைத் தாண்டும்போது குடல் சுத்தமாக இருக்கும் என்று ஒரு தீவனக் கம்பெனி சொன்னது. எங்கள் பண்ணையில் சோதித்துப் பார்க்க ஒரு டாக்டரம்மா வந்தார். மாட்டு டாக்டர், கறாரான மனுஷி, சிரித்தால் வரி கட்ட வேண்டுமோ என்று நினைக்கத் தோன்றும்.

நான் அன்றைக்கே தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு அவள் அடுப்பில் இல்லை, மாட்டின் குடலில் இருக்கிறது, அதை அங்கேயே தடுத்துவிடலாம், தடுக்கப்போகிறோம் என்றேன். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். இது மட்டும் ஜெயிச்சிட்டா அப்புறம் நீ இப்படி அடுப்பைக் கட்டிக்கிட்டு அழ வேண்டாம்."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது. வாண்டு போனபிறகு அந்த முகத்தில் நான் பார்த்த முதல் அசைவு அது. அதற்காகவே இந்தச் சோதனையைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டேன். டாக்டரம்மா தீனி போட நம்பகமான ஆள் வேண்டும் என்றபோது, தங்கை புருஷனைவிட நிதானமான ஆள் பண்ணையிலேயே கிடையாது என்று நானே சொன்னேன். அவர் எனக்கு யார் என்று டாக்டரம்மா கேட்கவில்லை, நானும் மூச்சு விடவில்லை.

சோதனை என்பது இதுதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டி. ஒன்றுக்குச் சிவப்பு வாளி, இன்னொன்றுக்கு நீல வாளி. ஒரு வாளியில் மருந்து உப்பு, மற்றதில் வெறும் சாப்பாட்டு உப்பு. எது எதில் என்று டாக்டரம்மாவுக்கு மட்டும் தெரியும். தீனி போடுகிறவருக்கும் தெரியக்கூடாது, எண்ணுகிற எனக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் கை ஒரு பக்கம் சாயும், கண் ஒரு பக்கம் சாயும். கடைசியில் இரண்டு பட்டிச் சாணத்தையும் ஒப்பிட்டால் மருந்தின் யோக்கியதை தெரிந்துவிடும்.

இதை நான்தான் மாப்பிள்ளைக்கு விளக்கிச் சொன்னேன். தீவனக் கொட்டகையில், தவிட்டுத் தூசி பறக்க, கலக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, வாத்தியார் மாதிரி இரண்டு தரம் சொன்னேன். அவர் இரண்டு வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"மருந்து இல்லாத பட்டி மாடு அப்புறம் எங்க போகும்க்கா?"

"எல்லா மாடும் எங்க போகுதோ அங்கதான்."

அவர் தலையை ஆட்டினார். அவர் எப்போதுமே அதிகம் பேசாத மனுஷன், அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு என் அவசரம். வந்து வாய்த்த சந்தோஷத்தில் சாணம்கூட அன்று நாறவில்லை.

குளிர்காலம் தொடங்கியிருந்தது. உப்பு போடுவதற்கு முன்னால் ஒரு தரம் சாணம் எடுத்தேன், போட்ட பிறகு ஒரு தரம் எடுத்தேன். இப்படியே பட்டி மாற்றிப் பட்டி, ஜோடி ஜோடியாகப் பார்த்தோம். மாடு உதைத்து என் முழங்கால் நீலமாகிவிட்டது. தட்டுகளை எண்ணி எண்ணிக் கண்ணை மூடினால்கூடப் புள்ளி தெரிந்தது. எண்ணும்போதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. உப்பு போட்ட பிறகு எல்லாத் தட்டிலும் புள்ளி குறைந்திருந்தது, ஆனால் எல்லாத் தட்டிலும் ஒரே மாதிரிக் குறைந்திருந்தது. எண்ணத் தெரியாமல் எண்ணுகிறேனோ என்று திரும்பவும் எண்ணினேன்.

டாக்டரம்மா வாளி ரகசியத்தை உடைத்துக் கணக்குப் பார்த்த அன்று என்னையும் கூப்பிட்டார். கம்பெனியிலிருந்து வந்த ஆள் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வித்தியாசமே இல்லை என்றார் டாக்டரம்மா. வெறும் உப்பு தின்ற மாட்டுக்கும் அதே அளவு குறைந்திருக்கிறது. குளிர் வந்தால் இந்தக் கிருமி தானாகவே குறையும், குறைந்திருக்கிறது, அவ்வளவுதான், மருந்து எதையும் செய்யவில்லை. கம்பெனி ஆள் எழுந்து எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். தங்கைக்கு என்ன பதில் சொல்வேன் என்பது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடியது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன், ஆனால் சொல்ல வாய் வரவில்லை. தங்கை உள்ளே அடுப்படியில் இருந்தாள். மாப்பிள்ளை பெரியவளுக்குப் பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். பழைய பழக்கம் அவருக்கு. எது வாங்கிவந்தாலும் இரண்டாக உடைத்து இரண்டு பிள்ளைக்கும் சரிபாதியாகக் கொடுப்பார். ஒரு பொடி கூடிவிட்டாலும் அதைக் கிள்ளி மற்றதில் வைப்பார். எல்லோரும் அவரைக் கேலி செய்வோம். அன்றும் பிஸ்கட்டை உடைத்தார், ஒரு பாதியைப் பெரியவள் கையில் கொடுத்தார். மறுபாதியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

எல்லாத் தட்டிலும் ஒரே மாதிரிக் குறைந்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவரைக் கொல்லைப்புறக் குழாயடிக்குக் கூப்பிட்டுப் போனேன்.

"மாப்பிள்ளை, அந்த ரெண்டு வாளியையும் என்ன பண்ணீங்க?"

அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்தேன்க்கா. ரெண்டு பட்டிக்கும் பாதி பாதியாப் போட்டேன்."

"எல்லா ஜோடிக்குமா?"

"எல்லாத்துக்கும்தான். எதுல மருந்துன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒரு பட்டிக்குக் கொடுத்து ஒரு பட்டிக்கு இல்லன்னு விடச் சொல்றீங்க. அந்தப் பட்டி மாடும் கறியாத்தானே போகுது? யாரோ ஒருத்தி வீட்டு அடுப்புக்குத்தானே போகுது?"

எனக்கு வந்த கோபத்தில் அவரை அறைந்திருப்பேன். படிப்படியாகச் சொன்னேனே, இரண்டு தரம் சொன்னேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினேன். நீங்கள் சும்மா இருந்திருந்தால் உலகத்தில் எத்தனையோ பண்ணைக்கு இந்த உப்பு போயிருக்கும், ஒரு பட்டியைக் காப்பாற்றப் போய் எல்லாவற்றிலும் மண்ணைப் போட்டுவிட்டீர்கள் என்றேன். அவர் கையில் அந்தப் பிஸ்கட் பாதி இன்னும் இருந்தது. அது ஈரக்கையில் கரைந்து ஒழுகியது.

ஆனால் கோபம் அடங்கியதும் எனக்கு வேறொன்று உறைத்தது. பாதி மருந்துதான் போயிருக்கிறது, அதற்கே கிருமி குறைந்திருக்கிறது. அப்படியானால் உப்பு வேலை செய்திருக்கிறது! மறுநாள் காலை டாக்டரம்மாவின் அறைக்கு ஓடாத குறையாகப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கொறஞ்சது உப்பாலயா, குளிராலயா? அதைச் சொல்றதுக்கு மருந்து உப்பே தின்னாத மாடு வேணும். நம்மகிட்ட அப்படி ஒரு மாடுகூட இல்லையே."

இன்னொரு தரம் செய்து பார்க்கலாமே என்றேன். கம்பெனி கையைக் கழுவிவிட்டது என்றார். தான் வேண்டுமானால் பேசிப் பார்ப்பதாகவும், நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அந்த ஆள் ஏன் அப்படிச் செஞ்சாராம்?"

நான் வாண்டுவைப் பற்றிச் சொன்னேன். வேறு வழியில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி வீட்டுக்காரர்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டார் ஒருவர் தீனி போட்டிருக்கிறார், அதே வீட்டார் இன்னொருவர் கிருமி எண்ணியிருக்கிறார், மருந்து தோற்றுப்போன பிறகு வந்து அது தோற்கவில்லை என்கிறார், இதை எந்த முகத்தோடு யாரிடம் கொண்டுபோவது என்று கேட்டார். அந்தத் தட்டுகளை நான் எவ்வளவு நேர்மையாக எண்ணினேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன? எழுந்து வந்து என் தோளில் கைவைத்தார். அந்தக் கறாரான மனுஷி என் தோளில் கைவைத்ததும்தான் எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

உப்பு மூட்டைகளை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. மாப்பிள்ளையை வேலையைவிட்டு நீக்கவில்லை, தீவனத்தைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லி வெட்டுக்கூடத்து வழிக் கதவுக்கு மாற்றினார்கள். பட்டி மாடு வரும்போது கதவைத் திறக்க வேண்டும், கடைசி மாடு போனதும் சாத்த வேண்டும். நான் சாணம் எடுக்கப் போனபோது அவரைப் பார்த்தேன். ஒவ்வொரு மாடும் கதவைத் தாண்டும்போது அதன் வாலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடுகள் மினுமினுவென்று, முட்டிக்கொண்டு, திமிராகத்தான் போயின. அவர் என்னைப் பார்த்தார். "இதுல எதுக்குமே இல்லையாக்கா?" என்று கேட்டார். எதற்கும் மருந்து இல்லை என்றேன். அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.

இனி ஒளிக்க முடியாது என்று அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். பெரியவள் கூடத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தங்கை சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அடுப்பில் ஏதோ காய் கொதித்துக்கொண்டிருந்தது. தீ சிறியதாக இருந்தது. இத்தனை நாளாக அவள் தீயைக் குறைத்து நான் பார்த்ததில்லை.

"வாக்கா" என்று திரும்பினாள். முகம் கழுவியிருந்தாள், தலை வாரியிருந்தாள். கணக்கெல்லாம் முடிந்திருக்குமே, இவர் வாயே திறக்கமாட்டேன் என்கிறார், நல்ல சேதியை நீயே உன் வாயால் சொல்ல வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறார் போல என்றாள். நான் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

காய் வெந்துவிட்டது. பச்சை மாறாமல், பதமாக, யாரும் ஆசைப்பட்டுத் தின்கிற மாதிரி வெந்திருந்தது. தங்கை கரண்டியால் ஒரு துண்டை நசுக்கிப் பார்த்தாள். கையை அடுப்புத் திருகில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அணைச்சிடட்டுமாக்கா?"

அணை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கதவைத் தாண்டிப் போன அத்தனை மாடும் கண்முன்னால் வந்து நின்றன.

"இன்னும் கொஞ்சம் வேகட்டும்" என்றேன்.